குழாய் நீர் பின்னோக்கி ஓடுமோ?

குழாயைத் திருகினால் தண்ணீர் நம்மை நோக்கி வரும். வந்த நீர் ஒருபோதும் திரும்பிச் செல்லாது என்றே நாம் நம்பியிருக்கின்றோம். அந்நம்பிக்கை எப்போதும் சரியன்று என்பதை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் புலப்படுத்துகின்றது.

1969ஆம் ஆண்டு, மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலுள்ள ஹோலி குறொஸ் கல்லூரியின் அமெரிக்க உதைபந்தாட்டக் குழுவில் ஏறக்குறைய 90 பேரை ஈரல் அழற்சி நோய் பீடித்தது. இரண்டே போட்டிகள் நடந்த நிலையில் அவ்வாண்டின் ஏனைய ஆட்டங்கள் யாவும் கைவிடப்பட்டன.

ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் விசித்திரமானது. ஆடுகளத்தில் புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாய்கள், நிலத்தினுள் தாழ்ந்த பெட்டிகளில் அமைந்திருந்தன. அயலில் வசித்த சிறுவர் சிலருக்கு அந்நோய் இருந்தது. அவர்கள் அங்கு நீரில் விளையாடுவதுண்டு. ஒருநாள் நகரில் தீப்பற்றியது. தீயணைப்புப் படையினர் பெருமளவு நீரை எடுக்கவே, ஆடுகளக் குழாய்களில் அமுக்கம் குன்றியது. பெட்டிகளில் தேங்கியிருந்த அழுக்கு நீர் குழாயினுள் உறிஞ்சப்பட்டது. அக்குழாய் நீரையே ஆட்டக்காரர் பருகினர்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சும்போது வாயினுள் அமுக்கம் குறைகின்றது. வெளிக்காற்று இளநீரை மேலே தள்ளுகின்றது. தெருக் குழாயில் அமுக்கம் குறையும்போதும் நிகழ்வது இதுவே. நம் வீட்டு றப்பர் குழாயின் நுனி அழுக்கு வாளியினுள் அமிழ்ந்திருக்குமாயின், அந்நீர் வீட்டுக் குழாய்க்கும், அங்கிருந்து தெருக் குழாய்க்கும் சென்றுவிடலாம். நமது கவனக்குறைவால் அயல் வீட்டுக் குழந்தை நோயுற நேரிடலாம்.

இதனைத் தடுக்கும் வழி மிக எளியது. குழாயின் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்குமிடையே, குழாய் வாயின் விட்டத்தைப்போல் இருமடங்கு வெளி இருத்தல் வேண்டும். அரை அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குலம் போதும். காற்றே அங்கு காவலாய் நிற்கும்; நீர் அவ்வெளியைத் தாண்டித் திரும்பாது. தொட்டிக்கு நீர் விடும் குழாய்க்கும் இவ்விதியே பொருந்தும். கிணற்று நீர்க் குழாயையும் நகர நீர்க் குழாயையும் ஒன்றாய் இணைத்தல் ஆகாது. மருத்துவமனை, தொழிற்சாலை போன்ற இடங்களில் நீரைத் திரும்பவிடாத விசேட வால்வுகளைப் பொருத்தி, காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.

ஆகவே, வேலை முடிந்ததும் றப்பர் குழாயை வாளியிலிருந்து எடுத்து வைக்க மறவாதிருப்போமாக. அச்சிறு செயல் ஊரார் பருகும் நீருக்கே காவலாகும்.