சாயத் தண்ணீரும் தருமபுரி வெயிலும்

மழை பொய்த்தால் தருமபுரியின் பென்னாகரம், அரூர்ப் பக்கத்து ஆட்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறுவது பழைய கதை. பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் அப்படிப் போனவர்கள் ஏராளம். அந்தப் பட்டறைக் கழிவு அன்று நொய்யல் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றில் பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகி, தண்ணீரைத் திறக்கவே கூடாது என்று விவசாயிகள் போராடும் கொடுமை நடந்தது.

சுத்திகரிப்பு என்றால் அன்று சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும்தான். நிறம் சேறாக அடியில் படியும். மேலே தெளிந்தது உப்போடு ஆற்றுக்குப் போகும்; சேற்றை மூட்டை கட்டி அடுக்குவார்கள். சாயம் ஒழியவில்லை, இடம்தான் மாறியது. விதியை மீறிய பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகே, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறை வேரூன்றியது.

இன்று அதே தருமபுரிப் பிள்ளைகள் கல்லூரி ஆய்வகத்தில் சாய மூலக்கூறையே உடைக்கப் பார்க்கிறார்கள். துத்தநாக உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளையாகத் திரியும். அதைக் கழுவி, உலர்த்தி, மஃபிள் பர்னஸில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு. அந்தத் தூளை மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயக் கரைசலில் போட்டு, முதலில் அரை மணி நேரம் இருட்டில் கலக்குவார்கள். தூளில் ஒட்டிக்கொள்ளும் சாயத்தைத் தனியே கணக்கில் கொள்ள வேண்டுமே. பிறகு மொட்டை மாடி வெயில். ஒளி பட்டதும் தூளில் எலெக்ட்ரான் ஒன்று எழும்பும். அது விட்டுப்போன துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும். அது சாயத்தைக் கடித்துக் குதறும். நீலம் வெளிறிக்கொண்டே வரும்.

1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டியதில் வளர்ந்த துறை இது. டைட்டானியமோ துத்தநாகமோ, இரண்டுக்கும் புற ஊதா ஒளி வேண்டும். சூரிய ஒளியில் அது சுமார் 5 சதவீதம்தான். ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் பொருளைத் தேடுகிறார்கள். அதில் என் மனம் கவர்ந்தது யூரியா. வயலுக்குப் போடும் அதே யூரியாவை மூடிய கிண்ணத்தில் 550 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் வெளிர் மஞ்சள் தூள் கிடைக்கும்: கார்பன் நைட்ரைடு. நீல ஒளியே அதற்குப் போதும். விலை உயர்ந்த உலோகம் எதுவும் தேவையில்லை.

ஆனால் மெத்திலீன் ப்ளூவோடு நின்றுவிடக் கூடாது. அது ஒளியில் தானாகவும் கொஞ்சம் வெளுக்கும். நிறம் போனாலும் உடைந்த துண்டுகள் நீரில் மிஞ்சலாம்; மொத்தக் கரிம அளவைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். பட்டறைத் தண்ணீரிலோ ரியாக்டிவ் சாயத்தோடு உப்பும் சோப்பும் கலந்திருக்கும். குளோரைடு அந்த ரேடிக்கல்களை வழியிலேயே விழுங்கிவிடும். கழிவுத் தொட்டியில் கலந்த நுண்தூளைத் திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. கண்ணாடியிலோ மணியிலோ பூசி நிறுத்துவது ஒரு வழி, காந்தத்தால் இழுக்கும்படி பெர்ரைட்டோடு சேர்ப்பது இன்னொரு வழி. உப்பை இந்தத் தூள் தொடாது, அதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் இருந்தே தீர வேண்டும். அவற்றுக்கு முன்னால் சாயத்தைக் குறைத்துக் கொடுப்பதே இதற்கேற்ற இடம். ஆய்வு மாணவர்கள் பட்டறையிலிருந்து ஒரு கேன் கழிவு வாங்கி வந்து, அதில் சாயம் குறைந்த அளவையும் ஆய்வேட்டில் எழுத வேண்டும், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும்.