மூக்கு வண்டியா? மொட்டை முக வண்டியா?



மதிய இடைவேளையில் லாரி விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நம்ம பசங்க இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "அமெரிக்க வண்டிதான் கெத்து! முன்னாடி நீளமா மூக்கு, ரெண்டு பக்கமும் பளபளன்னு புகைக்குழாய்!" என்பது ஒரு கட்சி. "அதை வெச்சு ஒரு சந்துல திரும்பிக் காட்டு, பார்ப்போம்!" என்பது எதிர்க்கட்சி. எது நல்ல வண்டி? கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் டிரெய்லர்களையும் பார்த்தால்தான் இதற்குச் சரியான பதில் கிடைக்கும்.

இரண்டு முகங்கள்

எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால், தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் இருந்தால் அது 'கன்வென்ஷனல்' வண்டி. இந்தக் கட்டுரையில் அதை மூக்கு வண்டி என்போம். எஞ்சின் கீழே, அதன் மேல் கேபின், முகம் சுவர் மாதிரி தட்டை என்றால் அது 'கேப்-ஓவர்'. அதுதான் நம்ம மொட்டை முகம்.

செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2012-இல் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாட்டை வெளியிட்டது. அதில் ஸ்கேனியா, வோல்வோ, டாஃப், மேன் என்று எல்லாமே மொட்டை முகம். அதே நிறுவனம் 2016-இல் 'அமெரிக்கன் டிரக் சிமுலேட்டர்' கொண்டுவந்தது. அதில் பீட்டர்பில்ட், கென்வொர்த் என்று நீள மூக்கு வண்டிகள். அமெரிக்காக்காரனுக்கு மூக்கு பிடிக்கும், ஐரோப்பாக்காரனுக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியின் முகத்தைத் தீர்மானித்தது சட்டம்!

மூக்கை வெட்டியது யார்?

ஐரோப்பாவில் டிரெய்லர் லாரியின் நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் வரை சேர்த்து அளப்பார்கள். மொத்தம் 16.5 மீட்டர்தான். வழக்கமான டிரெய்லர் மட்டுமே சுமார் 13.6 மீட்டர். இப்போது ஒரு சின்னக் கழித்தல்:

16.5 − 13.6 = 2.9 மீட்டர்

கேபினும், கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள இடைவெளியும் இந்த 2.9 மீட்டருக்குள் அடங்க வேண்டும். அதில் ஓட்டுநர் உட்காரணும், இரவில் படுக்கணும். எஞ்சினுக்குத் தனியாக மூக்கு வைக்க இடம் ஏது? அதனால் அது இருக்கைக்குக் கீழே போய்விட்டது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பல மாநிலங்களில் மொத்த நீளத்துக்குத்தான் கட்டுப்பாடு. அதனால் அங்கேயும் மொட்டை முகங்கள் நிறைய ஓடின. 1982-இல் வந்த ஒரு சட்டம், பெரிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்கு வரம்பு வைக்கக் கூடாது, டிரெய்லரின் நீளத்தை மட்டும் அளந்தால் போதும் என்றது. அதன்பிறகு மூக்கு எவ்வளவு நீண்டாலும் சரக்கு குறையாது. மொட்டை முகங்கள் மெல்ல மெல்ல அங்கே மறைந்தன.

நம்ம ஊர்க் கதை

நம் நாட்டில் 1954-இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. அந்தப் பழைய டாடா-பென்ஸ், உருண்டை மூக்கு வண்டி. பிறகு வந்த 1210 எஸ்.இ. போன்றவை பாதி மூக்கு வண்டிகள். டாடா லாரியின் உடம்பில் எழுதியிருக்கும் எழுத்தைப் பார்த்தே முகத்தைச் சொல்லலாம். 'எஸ்.இ.' என்றால் மூக்கு உண்டு, 'எல்.பி.டி.' என்றால் மொட்டை முகம்.

நம்ம எண்ணூருக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியோடு சேர்ந்து அசோக் லேலண்டு ஆனது. முன்பெல்லாம் பாடி கட்டாத வெறும் சேசிஸை ஓட்டுநர்கள் தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டிப் போவார்கள். பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த வெறும் சேசிஸ் ஒரு பாடப்புத்தகம் மாதிரி. எஞ்சின் எங்கே, இருக்கை எங்கே, முன் சக்கரம் எங்கே என்று எல்லாம் திறந்தபடி தெரியும்.

சரி, நம் துறைமுகச் சாலையில் இப்போது ஏன் மொட்டை முகமே அதிகம்? காரணம் கன்டெய்னர். 40 அடிப் பெட்டியின் நீளம் 12.19 மீட்டர். இந்தியச் சட்டமும் வண்டியின் மொத்த நீளத்தைத்தான் அளக்கிறது. போதாக்குறைக்கு நம் சாலைகள்! ராயபுரம், காசிமேடு பக்கம் திரும்பி, ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். இழுக்கும் வண்டி குட்டையாக இருந்தால்தான் சின்ன இடத்தில் வளைக்க முடியும். நீள மூக்கு வண்டியைத் திருப்ப சாலை முழுவதும் தேவைப்படும்.

இரண்டிலும் நல்லது, கெட்டது

1. வசதி: மூக்கு வண்டியில் ஓட்டுநர் முன் சக்கரத்துக்குப் பின்னால் உட்காருவார். பள்ளத்தில் குலுக்கல் குறைவு. மொட்டை முகத்தில் சக்கரத்துக்கு மேலேயே உட்காருவதால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும்.

2. சூடு: மொட்டை முகத்தில் எஞ்சின் காலடியில். பழைய வண்டிகளில் எஞ்சின் மூடி கேபினுக்குள்ளேயே, ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் நடுவில் இருக்கும். சித்திரை வெயிலில், வரிசையில் மணிக்கணக்காக அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்! இந்தியாவில் புதிதாகச் செய்யும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023-இல் விதி வந்து, 2025 முதல் நடைமுறையாகியிருக்கிறது. அதற்கு முன் வாங்கிய வண்டிகள்தான் சாலையில் இன்னும் அதிகம்.

3. ரிப்பேர்: மூக்கு வண்டியில் பானெட்டைத் திறந்தால் போதும். புதிய மொட்டை முகத்தில் கேபினையே முன்பக்கம் கவிழ்க்க வேண்டும்.

4. மோதல்: மூக்கு வண்டியில் முன்னால் இடிபட ஒரு பெட்டி இருக்கிறது. மொட்டை முகத்தில் ஓட்டுநர்தான் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

விளையாட்டில் திருப்பம் ஒன்றுதான் நம் கைக்குத் தெரிகிறது. சூடும் முதுகுவலியும் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அதே விளையாட்டு இன்னொரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறது. ஓட்டுநரின் கண்ணுக்கு என்ன தெரியாது என்பதே அது.

பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று

வடிவொத்த முக்கோணம் படித்திருக்கிறோம் அல்லவா? அதை வைத்தே போட்டுப் பார்க்கலாம். (அளவுகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. வண்டிக்கு வண்டி மாறும்.)

ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரே நிற்கும் பிள்ளையின் உயரம் 1.2 மீட்டர்.

மொட்டை முகம்: கண்ணுக்கு முன்னே 0.8 மீட்டரில் கண்ணாடியின் கீழ் விளிம்பு. அதன் உயரம் 2 மீட்டர். பார்வைக் கோடு 0.8 மீட்டருக்கு 0.5 மீட்டர் இறங்குகிறது. அது 1.2 மீட்டர் உயரத்துக்கு இறங்க இன்னும் 1.28 மீட்டர் போக வேண்டும். அதற்குள் நிற்கும் பிள்ளை தெரியாது.

மூக்கு வண்டி: மூக்கின் நுனி 2.8 மீட்டர் தள்ளி, 1.8 மீட்டர் உயரத்தில். 2.8 மீட்டருக்கு 0.7 மீட்டர் இறக்கம். அப்படியானால் மூக்குக்கு முன்னே 2.4 மீட்டர் வரை பிள்ளை தெரியாது.

"அப்ப மொட்டை முகம்தான் நல்லது!" என்று எதிர்க்கட்சி கைதட்டும். கொஞ்சம் பொறுங்கள். இடது கதவைப் பார்ப்போம்.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். இடது கதவுக் கண்ணாடியின் கீழ் விளிம்பு அவருக்கு 2 மீட்டர் தள்ளி, 2 மீட்டர் உயரத்தில் என்று வைப்போம். 2 மீட்டருக்கு 0.5 மீட்டர் இறக்கம். கணக்குப்படி இடது கதவிலிருந்து 3.2 மீட்டர் வரை அந்தப் பிள்ளை கண்ணாடி வழியே தெரியாது! சைக்கிளில் உட்கார்ந்து தலை 1.4 மீட்டர் உயரத்துக்கு வந்தாலும் 2.4 மீட்டர் வரை மறைவுதான். பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்தால் உண்டு.

இப்போது யோசியுங்கள். நாம் பள்ளிக்கு சைக்கிளில் எந்தப் பக்கம் போகிறோம்? சாலையின் இடது ஓரம். அதாவது லாரிக்கு இடது பக்கம்!

முன்பு இடது பக்கத்துக்கு ஒரு கண் இருந்தது. கிளீனர் எட்டிப் பார்த்து, கதவைத் தட்டி, "வா வா" என்பார், "ஓல்டான்" என்பார். கிளீனர் இல்லாமல் ஓடும் டிரெய்லரில் அந்தக் கண்ணும் இல்லை. ஓட்டுநர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் இரும்புக் கதவின் வழியே பார்க்க முடியாது.

விளையாட்டில் செய்து பாருங்கள்

'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' வைத்திருப்பவர்கள் இங்கிலாந்துச் சாலைக்குப் போங்கள். அங்கே நம் ஊர் மாதிரி இடது பக்கம் ஓட்ட வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள கேபினைத் தேர்ந்தெடுங்கள். எண் 2-ஐ அழுத்தி வண்டியை வெளியிலிருந்து பார்த்து ஓட்டுவதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். அது பறவையின் பார்வை. எந்த ஓட்டுநருக்கும் அது கிடையாது. எண் 1-ஐ அழுத்தி உள்ளே உட்காருங்கள். சிக்னலில் நின்று இடது பக்கம் திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் வந்து நிற்கும் கார் எவ்வளவு தெரிகிறது? இடதுபக்கம் திரும்பும்போது டிரெய்லரின் பின் சக்கரம் எங்கே போகிறது? முன் சக்கரம் போன வழியில் போகாமல், மூலையை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த மூலையில் ஒரு சைக்கிள் இருந்தால்?

விளையாட்டில் பள்ளிப் பிள்ளைகள் யாரும் சைக்கிளில் குறுக்கே வருவதில்லை. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தினமும் வருகிறார்கள்.

நினைவில் வைக்க ஐந்து

1. ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால், உன்னையும் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்.

2. நிற்கும் லாரியின் முகத்தை ஒட்டிக் கடக்காதே. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

3. டிரெய்லர் முதலில் வலப்பக்கம் ஒதுங்கினால், "ஆஹா, இடம் விட்டான்" என்று இடது பக்கம் நுழையாதே. அது இடதுபக்கம் திரும்புவதற்காகவும் இருக்கலாம்.

4. வரிசையில் நிற்கும் டிரெய்லருக்கு அடியில் குனிந்து போகவே போகாதே. பந்து உருண்டு போனாலும் சரி, போகட்டும்.

5. தம்பி தங்கையோடு போனால் அவர்களை ஓரமாக நடக்க வை. அவர்கள் நம்மைவிடக் குள்ளம். மறையும் தூரம் இன்னும் அதிகம். (எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உயரம் 1 மீட்டர் என்றால் இடது கதவிலிருந்து எத்தனை மீட்டர்? விடை: 4.)

உங்களுக்குத் தெரியுமா?

✱ லண்டன் மாநகரில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநர் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்று 0 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச் முதல் குறைந்த நட்சத்திர வண்டிகள் கூடுதல் பாதுகாப்புக் கருவி இல்லாமல் அங்கே ஓட முடியாது.

✱ ஐரோப்பாவில் பாதுகாப்புக்காகவும் காற்றுத் தடையைக் குறைக்கவும் மொட்டை முகத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தந்திருக்கிறது. 2021-இல் டாஃப் நிறுவனம் அப்படி ஒரு லாரியை அறிமுகப்படுத்திய அன்றே அது 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாட்டிலும் வந்துவிட்டது!

ஆகவே இரண்டு கட்சி நண்பர்களுக்கும் ஒரு தீர்ப்பு: நேரான நீளச் சாலைக்கு மூக்கு வண்டி, நம்ம துறைமுகச் சாலைக்கு மொட்டை முகம். எதை ஓட்டினாலும் இன்று மாலை ஒரு தடவை எண் 1-ஐ அழுத்தி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாருங்கள். நாளைக் காலை சைக்கிளை எடுக்கும்போது அது ஞாபகம் வரும்.

பார்த்துக் கடப்போம்! பத்திரமாய் வீடு சேர்வோம்!