முதுகுக்கு வலுவூட்டும் இரும்புக் குண்டு

தரையில் 16 கிலோ எடையுள்ள ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. நீங்கள் குனிந்து அதைத் தூக்குகிறீர்கள். உங்கள் முதுகுத் தசைகள் எவ்வளவு விசையுடன் இழுக்க வேண்டும்? 16 கிலோவுக்கு ஈடான விசை போதும் என்று தோன்றலாம். உண்மையில் அதைப்போல் பத்து மடங்கு விசை தேவைப்படலாம்!

முதுகும் ஒரு நெம்புகோலே

குனிந்து தூக்கும்போது கீழ்முதுகின் முள்ளெலும்பு மூட்டு ஆதாரப் புள்ளியாகிறது. வாளி அதற்கு 50 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். முதுகுத் தசைகளோ அதற்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தொலைவில்தான் உள்ளன. இரு பக்கத் திருப்புத்திறன்களும் சமமாக வேண்டுமானால், தசைகள் 160 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுத்தாக வேண்டும். நம் மேலுடலின் எடையை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை! இவ்விசை முழுவதும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளை அழுத்துகிறது. வாளியை 25 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால் இது பாதியாகிவிடும். எனவே முதுகைப் பொறுத்தவரை எடையைப் போலவே தொலைவும் முக்கியம்.

சந்தையிலிருந்து வந்த கருவி

கெட்டில்பெல் என்பது மேலே வளைந்த கைப்பிடியுள்ள வார்ப்பிரும்புக் குண்டு. ரஷ்யர்கள் இதைக் ‘கிர்யா’ என்பார்கள். சந்தையில் தானியம் நிறுக்க உதவிய எடைக்கல்லே பின்னர் உடற்பயிற்சிக் கருவியாயிற்று. 16, 24, 32 கிலோ என்னும் அளவுகள் ‘பூட்’ என்ற பழைய ரஷ்ய எடையிலிருந்து வந்தவை. ஒரு பூட் என்பது ஏறத்தாழ 16.4 கிலோ.

ஊசலாட்டப் பயிற்சி

இதன் அடிப்படைப் பயிற்சி ஊசலாட்டம். முதுகை வளைக்காமல், முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். குண்டு கால்களுக்கு இடையே பின்னே செல்லும். உடனே பிட்டத் தசைகளையும் பின்தொடைத் தசைகளையும் இறுக்கி இடுப்பை முன்னே செலுத்தினால், குண்டு மார்பளவு உயரும். இங்கே கைகள் வெறும் கயிறுகளே. விசை தருவது இடுப்பு. மேலே சென்றதும் குண்டு ஒரு கணம் பாரமற்றதுபோல் தோன்றும்.

கைகள் தரைக்கு இணையாக இருக்கும் நிலையிலிருந்து குண்டு ஊசல்போல் விழுந்தால், அடியில் அது தன் எடையைப்போல் மூன்று மடங்கு விசையுடன் இழுக்கும். அதாவது, 16 கிலோ குண்டு 48 கிலோபோல் இழுக்கும்! சிறிய குண்டு பெரிய பயிற்சி தருவதன் இரகசியம் இதுவே. ஒவ்வொரு ஆட்டத்திலும் முதுகு விறைப்பான தூண்போல் நிற்கவும், இடுப்பு பளுவை ஏற்கவும் பழகுகின்றன. வாளியையோ மூட்டையையோ தூக்கும்போதும் இப்பழக்கமே கைகொடுக்கும்.

ஆய்வுகள் கூறுவதென்ன?

டென்மார்க்கில் 40 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று. வாரம் மூன்று முறையாக 8 வாரம் பயிற்சி செய்தவர்களுக்குக் கழுத்து, தோள், கீழ்முதுகு வலிகள் குறைந்தன. கனடாவில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஊசலாட்டத்தின்போது கீழ்முதுகில் சறுக்குப் பெயர்ச்சி விசை, வழக்கமான பளுதூக்கலுக்கு எதிர்த் திசையில் செயற்படுவதைக் காட்டியது. பலருக்கு இப்பயிற்சி நலம் தருவதற்கும், சிலருக்கு மட்டும் முதுகை உறுத்துவதற்கும் இது காரணமாகலாம்.

ஆகவே எச்சரிக்கை தேவை. வட்டு பிதுங்கியவர்களும், காலில் மரமரப்போ பரவும் வலியோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக்கூடாது. மற்றவர்கள் முதலில் வெறுங்கையுடன் இடுப்பை மடக்கிப் பழகட்டும். முதுகோடு ஒரு நேரான கம்பை வைத்துக்கொள்ளுங்கள். குனியும்போது தலை, மேல்முதுகு, இடுப்பின் அடி ஆகிய மூன்றும் கம்பைத் தொட்டபடியே இருந்தால் முறை சரி. அதன் பிறகு, பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் 8 கிலோ குண்டுடன் தொடங்கலாம். முறை தவறத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். களைத்த முதுகு வளையும், வளைந்த முதுகில்தான் ஆபத்து.