தலையைக் கையில் ஏந்திய இளவரசியின் பெயர்

பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது பிரிட்டானி. பிரெட்டன் மொழி பிறந்த மண் அது. அந்த மொழி பிரெஞ்சின் கிளை அன்று. வேல்ஸ் மொழிக்கு உறவு.

அங்கே பெண் குழந்தைகளுக்கு வைக்கும் ஓர் அழகான பெயர் ‘நோல்வென்’. ‘நோயால் ஊரின் புனிதவதி’ என்பது பொருள்.

இலை மேல் வந்தவள்

யார் அந்தப் புனிதவதி? ஊரார் சொல்லும் கதை இது: ஆறாம் நூற்றாண்டில், கடலுக்கு அப்பால் பிரிட்டன் மண்ணில் பிறந்த இளவரசி அவள். இறைத்தொண்டுக்கே வாழ விரும்பி, தாதியுடன் ஓர் இலை மீது ஏறிக் கடலைக் கடந்தாள். பிரிட்டானியில் ஒரு பிரபு அவளை மணக்க விரும்பினான். அவள் மறுத்தாள். வெகுண்ட பிரபு தலையை வெட்டினான். வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தியபடியே நடந்து, நோயாலில் போய் அடங்கினாளாம்!

சட்டம் போட்ட முட்டுக்கட்டை

கதையில் அவள் தலை போயிற்று. பிற்காலத்தில் பிரெட்டன் பெயர்களுக்கே ஆபத்து வந்தது.

நாள்காட்டியில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்றுப் பெயர்களையும் மட்டுமே குழந்தைகளுக்குச் சூட்டலாம் என்றது 1803ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு அதிகாரி நினைத்தால் பிரெட்டன் பெயரை ஏற்க மறுக்கலாம். பிடிவாதமாகப் பிரெட்டன் பெயரே வைத்த ஒரு பெற்றோரின் பிள்ளைகள் சிலர், பதிவேட்டில் இடம் இல்லாமலே பல ஆண்டுகள் வளர்ந்தார்கள்.

பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிட்டு அவமானப்படுத்திய காலமும் உண்டு. பாரிசுக்கு வேலை தேடிப் போன பிரெட்டன் பெண்களைக் கேலி செய்ய, 1905இல் ‘பெக்காசின்’ என்ற வேலைக்காரிச் சித்திரக்கதை பிறந்தது. அந்தப் பாத்திரத்துக்கு வாயே வரையவில்லை!

1966இல் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தது. பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கும் உரிமை முழுமையாகக் கிடைத்தது 1993இல்தான்.

வாய் திறந்த நோல்வென்கள்

வாய் இல்லாத வேலைக்காரிக்குப் பதில் சொல்வதுபோல, இந்தப் பெயர் தாங்கிய இரு பெண்கள் பாடியே புகழ் பெற்றார்கள்.

நோல்வென் லெருவா 1982இல் பிரிட்டானியில் பிறந்தார். வளர்ந்தது பெரும்பாலும் வெளி மாநிலத்தில். 2002இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்று நாடறிந்த பாடகியானார். பிறகு பிறந்த மண்ணின் பக்கம் திரும்பினார். 2010இல் ‘பிரெட்டன் பெண்’ என்ற பொருள்படும் இசைத்தட்டை வெளியிட்டார். பழைய நாட்டுப் பாடல்களைப் பிரெட்டன் மொழியிலேயே பாடினார். 10 லட்சத்துக்கும் மேல் விற்றது!

மற்றவர் நோல்வென் கோர்பெல். 1968இல் கெம்பேர் நகரில் பிறந்தவர். தாயாரும் பிரெட்டன் பாடகியே. மகளோ பழம்பாட்டோடு நில்லாமல், அந்த மொழியில் தாமே புதுப் பாடல்கள் எழுதி, இசையமைத்துப் பாடுகிறார். பாட்டியின் மொழி என்று மூலையில் வைத்ததை, இன்றைய காதலுக்கும் கோபத்துக்கும் உரிய மொழியாக்கினார்.

பிரெட்டன் பேசுவோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அழியும் அபாயத்தில் உள்ள மொழிகளில் அதையும் சேர்த்திருக்கிறது யுனெஸ்கோ. ஆனால் கோர்பெல் 2003இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டுக்கு வைத்த பெயரின் பொருள் என்ன தெரியுமா?

‘இன்னும் முடியவில்லை!’