பத்துத் தீவுகளுக்கு ஓர் ஆசனம்

அரபிக் கடலில், கொச்சித் துறைமுகத்திலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் முதல் 440 கிலோமீட்டர் வரையிலான தொலைவில், நீலத் திரைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகளே லட்சத்தீவுகள். நிலப்பரப்பு எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்தான். அவற்றுள் மக்கள் வாழ்வன பத்து: கவரத்தி, அகத்தி, அமினி, கடமத், கில்தான், செத்லத், பித்ரா, அந்த்ரோத், கல்பேனி, மினிக்காய். 2011 ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 64,473 பேர். அவ்வாண்டில் பித்ராத் தீவின் குடிகள் 271 பேரே. இத்தனை சிறிய சமுதாயத்திற்குப் பாராளுமன்றத்தின் மக்கள் சபையில் ஓர் ஆசனம் உண்டு. அது பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டது. அந்த ஆசனத்தின் வரலாறு, சிறுபான்மையோருக்கு நம் ஜனநாயகம் எவ்வாறு இடமளிக்கிறது என்பதை அறிய நல்லதோர் எடுத்துக்காட்டு.

தமிழர்களுக்கு இத்தீவுகள் முற்றிலும் அந்நியமானவை அல்ல. 1956 ஆம் ஆண்டு அக்டோபர் முடிய இவை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தன. லக்கத்தீவுகளும் மினிக்காயும் மலபார் ஜில்லாவுடனும், அமினித் தீவுகள் தென் கன்னட ஜில்லாவுடனும் இணைந்திருந்தன. ராஜ்யங்களின் சீரமைப்பின்போது, 1956 நவம்பர் முதல் தேதியன்று, இவை தனி யூனியன் பிரதேசமாயின. நிர்வாகத் தலைமையிடம் 1964 இல் கோழிக்கோட்டிலிருந்து கவரத்திக்கு மாறிற்று. லட்சத்தீவு என்ற பெயர் 1973 இல் சூட்டப்பட்டது.

யூனியன் பிரதேசமான தொடக்க ஆண்டுகளில் தீவு மக்களுக்கு வாக்குப் பெட்டியின் மூலம் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. ராஷ்டிரபதியே ஒருவரை நியமித்து வந்தார். அவ்வாறு 1957 முதல் 1967 வரை இரண்டு மக்கள் சபைகளில் அமர்ந்தவர் கே. நல்லகோயா தங்ஙள். யூனியன் பிரதேசங்களின் நேரடித் தேர்தலுக்கென 1965 இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக, 1967 பொதுத் தேர்தலில் தீவு மக்கள் முதன்முறையாகத் தம் உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுத்தனர்.

இங்கு ஒரு வினா எழலாம். பழங்குடியினர் என்றவுடன் மலைகளையும் கானகங்களையும் நினைப்பது நம் வழக்கம். கடலோடிகளாகவும் தென்னை வளர்ப்போராகவும் வாழும் இம்மக்கள், அதிலும் ஏறக்குறைய அனைவரும் இஸ்லாமியர்களாயிருக்க, எவ்வாறு அப்பட்டியலில் இடம்பெற்றனர்? பழங்குடிப் பட்டியலுக்கு மதம் ஒரு நிபந்தனையன்று என்பதை முதலில் கொள்ள வேண்டும். அடுத்து, இத்தீவுகளைப் பொறுத்தவரை பட்டியல் எந்தக் குலத்தின் பெயரையும் கூறவில்லை. தாமும் தம் பெற்றோர் இருவரும் இத்தீவுகளிலேயே பிறந்தவராயிருக்கும் குடிகள் அனைவரும் பழங்குடியினர் என்பதே அதன் வாசகத்தின் சாரம். குலத்தால் அன்றிப் பிறந்த மண்ணால் வரையறுக்கப்பட்ட பழங்குடி இது.

இவ்வரையறை நலம் பயந்ததோடு ஒரு துன்பத்தையும் உடன் கொணர்ந்தது. தீவுகளில் மருத்துவ வசதி குறைவாதலின், பேறுகாலம் கடினமாகும் என்று அஞ்சிய தாய்மார்கள் கடல் கடந்து கேரளக் கரையிலுள்ள மருத்துவமனைகளுக்குச் சென்றனர். அங்கே பிறந்த குழந்தை, தீவில் பிறக்காத ஒரே காரணத்தால், சட்டத்தின் கண்ணில் பழங்குடியாகாமற் போயிற்று. அண்ணன் பழங்குடி, தம்பி அல்லன் என்னும் விபரீதத்திற்கு இது வழிகோலிற்று. 2008 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே இதைக் களைந்தது. தீவுக் குடிகளுக்குப் பெருநிலத்தில் பிறக்கும் பிள்ளைகள், தீவில் நிலையாகக் குடியமர்ந்தால், தீவில் பிறந்தவராகவே கருதப்படுவர் என்று அது விதித்தது.

தேர்தலில் நிற்கும் தகுதியிலும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பொதுவாக, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட மக்கள் சபைத் தொகுதியில் எந்த மாநிலத்துப் பழங்குடியினரும் அபேட்சகராகலாம். நீலகிரியின் தோடர் ஒருவர் ஜார்க்கண்டின் குந்தித் தொகுதியில் நிற்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. லட்சத்தீவிலோ, அத்தீவுகளின் பழங்குடியினராகவும் அத்தொகுதியின் வாக்காளராகவும் இருப்பவர் மட்டுமே நிற்க முடியும். வெளியிலிருந்து எத்துணைப் பெரிய தலைவரும் வந்து இந்த ஆசனத்தை எடுத்துக்கொள்ள இயலாது. ஆனால் வாக்குரிமை அவ்வாறு குறுக்கப்படவில்லை. அங்கே வழக்கமாக வசித்து, வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்துள்ள எவரும், எந்த மாநிலத்தவராயினும், வாக்களிக்கலாம். ஒதுக்கீடு அபேட்சகருக்கே அன்றி வாக்காளருக்கு இல்லை.

இனித் தேர்தல் வரலாற்றைக் காண்போம். 1967 இல் சுயேச்சையாக நின்று வென்றவர் அந்த்ரோத் தீவைச் சேர்ந்த பி. எம். சையீது என்னும் இளைஞர். 1971 இல் அவரை எதிர்த்து நிற்க எவருமில்லை, போட்டியின்றியே தேர்வானார். பின்னர் 1977, 1980, 1984, 1989, 1991, 1996, 1998, 1999 என அடுத்தடுத்து நடந்த தேர்தல் ஒவ்வொன்றிலும் வெற்றி அவருடையதே. பத்து முறை தொடர்ந்து ஒரே தொகுதியில் வென்ற அவர், 1998 முதல் 2004 வரை மக்கள் சபையின் துணைச் சபாநாயகராகவும் விளங்கினார். மிகச் சிறிய தொகுதியின் பிரதிநிதி, நாட்டின் மிகப் பெரிய சபையை நடத்தும் பீடத்தில் அமர்ந்தார் என்பது கருதத்தக்கது.

2004 இல் அந்த நீண்ட தொடர் அறுந்தது. ஐக்கிய ஜனதா தளத்தின் பி. பூக்குஞ்ஞிக் கோயா 15,597 வாக்குகள் பெற்றார். சையீது பெற்றவை 15,526. வேறுபாடு 71. முப்பத்தேழு ஆண்டுகளின் தொடர்ச்சியை ஒரு சிறு தெருவில் வசிப்போரின் எண்ணிக்கை மாற்றிவிட்டது. தோல்விக்குப் பின்னரும் சையீது மத்திய மந்திரி சபையில் மின்சாரத் துறையை ஏற்றார். 2005 டிசம்பரில் காலமானார்.

2009 இல் அவருடைய புதல்வர் ஹம்துல்லா சையீது காங்கிரஸ் சார்பில் 2,198 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று, அந்த மக்கள் சபையின் மிக இளைய உறுப்பினரானார். 2014 இல் தேசியவாத காங்கிரஸின் முகம்மது பைசல் 1,535 வாக்குகளிலும், 2019 இல் 823 வாக்குகளிலும் அவரைத் தோற்கடித்தார். 2024 இல் ஹம்துல்லா சையீது 2,647 வாக்குகள் வித்தியாசத்தில் ஆசனத்தை மீண்டும் பெற்றார். பிற தொகுதிகளில் லட்சக்கணக்கில் பேசப்படும் வித்தியாசம் இங்கு நூறுகளிலும் ஆயிரங்களிலும் அடங்குகிறது. ஆகையால்தான் வாக்காளர்கள் ஊக்கத்துடன் திரள்கின்றனர். அண்மைத் தேர்தல்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் வாக்களித்துள்ளனர்.

இடையே 2023 இல் நேர்ந்த நிகழ்ச்சி, ஓர் ஆசனத்தின் அருமையை நன்கு உணர்த்திற்று. 2009 தேர்தல் காலத்திய கொலை முயற்சி வழக்கொன்றில், அவ்வாண்டு ஜனவரி 11 அன்று கவரத்தி செஷன்ஸ் நீதிமன்றம் பைசலுக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இரண்டாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை பெறுவோர் உறுப்பினர் பதவியை இழப்பர் என்பது சட்டமாதலின், அவர் தகுதி இழந்தார். பிப்ரவரி 27 இல் இடைத்தேர்தல் என்று தேர்தல் கமிஷன் அறிவித்தது. அதற்குள், ஜனவரி 25 அன்று, கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது; இடைத்தேர்தலின் பெருஞ்செலவையும் காரணங்களுள் ஒன்றாகக் கூறிற்று. இடைத்தேர்தல் கைவிடப்பட்டது. ஆயினும் உறுப்பினர் பதவி மார்ச் 29 அன்றுதான் திரும்பக் கிட்டியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் ஆணையை நீக்கி மறு விசாரணைக்கு அனுப்ப, அக்டோபரில் அவர் மீண்டும் தகுதியிழந்தார். உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் ஆணையின் பின் நவம்பரில் மீண்டும் சபை புகுந்தார். வழக்கின் நியாய அநியாயங்கள் நீதிமன்றங்களுக்குரியவை. நாம் நோக்க வேண்டுவது, அந்த மாதங்களில் தீவு மக்களின் நிலையை.

வேறொரு மாநிலத்தில் ஒரு மக்கள் சபை ஆசனம் காலியாயின், மக்களுக்குச் சட்டசபை உறுப்பினர் இருப்பார். ராஜ்ய சபையிலும் பிரதிநிதிகள் இருப்பர். லட்சத்தீவுக்குச் சட்டசபை இல்லை; ராஜ்ய சபையிலும் இடமில்லை. பஞ்சாயத்துகளுக்கு மேல், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட குரல் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருடையதே. அரசியலமைப்பின் 240 ஆம் ஷரத்தின்படி தீவுகளுக்கான ஒழுங்குமுறைகளை ராஷ்டிரபதியே பிறப்பிக்கலாம். அன்றாட ஆட்சி நிர்வாகியின் கையில். 2021 இல் நில மேம்பாடு, பஞ்சாயத்து முதலியவை பற்றிய வரைவு ஒழுங்குமுறைகள் வெளியானபோது, தீவு மக்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வித வேளைகளில் அந்த ஒற்றை ஆசனம் வெறுமையாய்க் கிடப்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சுமார் 58,000 வாக்காளர்களுக்கு ஓர் ஆசனம், தெலங்கானாவின் மல்காஜ்கிரி போன்ற தொகுதியில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஓர் ஆசனம். இது நீதியா என்று கேட்போர் உண்டு. எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், இத்தீவுகள் கேரளத்தின் ஏதேனும் ஒரு பெருந்தொகுதியில் கரைந்து மறைந்திருக்கும். கப்பல் வசதியும் குடிநீரும் கடலரிப்பும் யாருடைய கவலையாகவும் இரா. அளவில் சிறியதாயினும் தனித்ததொரு வாழ்க்கை கொண்ட சமுதாயத்திற்குத் தனிக் குரல் வேண்டும் என்ற கருத்தே இந்த ஆசனத்திற்கு அடிப்படை.

பிற மாநிலங்களில் தொழில் நிமித்தம் வாழும் தமிழர்களுக்கு இவ்வரலாற்றில் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. வாக்குரிமை பிறந்த ஊரைப் பற்றியதன்று, வழக்கமாக வசிக்கும் ஊரைப் பற்றியது. ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே பதிந்திருக்க முடியும். சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் கிடக்க, வாழும் ஊரில் வாக்கின்றி இருப்போர் நம்மிற் பலர். குடியிருக்கும் இடத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்வது சிறு வேலைதான். எழுபத்தொரு வாக்குகள் என்ன செய்ய வல்லவை என்பதை அந்தத் தீவுகள் காட்டியுள்ளன.