சாந்தா ரொசாலியா நடந்த மலைகளில், பிள்ளைகளோடு

பலெர்மோவில் வளரும் தமிழ்ப் பிள்ளையிடம் மலை என்று சொன்னால் மோந்தே பெல்லெக்ரினோ ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். சுமார் 600 மீற்றர் உயரம். மேலே குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்காரர், சைவக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எங்கட ஆக்களை அங்கே காணலாம். செப்டம்பர் 3ஆம் திகதி இரவு ஊர்ச்சனத்தோடு சேர்ந்து கல்லுப்பாதையால் ஏறுவோம், சிலர் வெறுங்காலோடு. 1983க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த தாய் தகப்பன்மாருக்கு நேர்த்தி வைக்கக் கிடைத்த இடம் அது.

"இவ எங்கயிருந்து இந்த மலைக்கு வந்தவ?" என்று என் மகன் ஒருநாள் கேட்டான். நல்ல கேள்வி. 12ஆம் நூற்றாண்டில் பிரபு குடும்பத்தில் பிறந்த ரொசாலியா, முதலில் குயிஸ்குவினா என்ற இடத்துக் குகையில் தவம் இருந்து, பிறகுதான் பெல்லெக்ரினோவுக்கு வந்தார் என்பது இங்குள்ள நம்பிக்கை. 1624இல் பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது அவரது எலும்புகள் பெல்லெக்ரினோவில் கிடைத்தன. குயிஸ்குவினா குகையில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டைக் கண்டெடுத்ததும் அதே வருஷம்தான்.

இந்த இரண்டு குகைகளையும் இணைத்து இன்று சுமார் 180 கிலோமீற்றர் நடைபாதை இருக்கிறது. பெயர் இத்தினராரியும் ரொசாலியே. அதில் பெரும்பகுதி சிக்கானி மலைகளுக்குள்ளால் போகிறது. எத்னாவை உலகமே அறியும். பலெர்மோவுக்கும் அக்ரிஜெந்தோவுக்கும் நடுவில் கிடக்கும் சிக்கானியை இத்தாலியர்களிலேயே பலர் அறியார். அங்கே மோந்தே கம்மராத்தா 1,578 மீற்றர். வடக்கே ஃபிகூட்சா காட்டுக்கு மேல் நிற்கும் ரொக்கா புசாம்ப்ரா 1,613 மீற்றர். மந்தைகள் போய்வந்த பழைய தடங்கள், ஓக் மரக்காடு, கோதுமை வயல், செம்மறிக் கூட்டம்.

முழுப் பாதையையும் பிள்ளைகளோடு நடக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு 6, 7 கிலோமீற்றர் போதும். நாங்கள் குயிஸ்குவினாவில் தொடங்கினோம். பலெர்மோவிலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். வசந்தகாலமும் ஒக்டோபரும் நல்லது. ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் வேண்டாம். தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள், பழகின சப்பாத்துப் போடுங்கள்.

அந்தப் பாதையில் வரும் ஊர்களில் ஒன்று பலாட்சோ அத்ரியானோ. 'சினிமா பரதீசோ' படத்தில் வரும் சதுக்கம் அங்கேதான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் துருக்கியருக்குத் தப்பி வந்த அல்பேனியர்கள் குடியேறிய ஊர். சதுக்கத்தில் இரண்டு தேவாலயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று இலத்தீன் முறை, மற்றது அகதிகள் கொண்டுவந்த கிரேக்க முறை. அந்த வழிபாடு இன்றும் நடக்கிறது. ஆனால் அவர்களின் பாஷையை அந்த ஊரில் இப்போது யாரும் வீட்டில் கதைப்பதில்லை. அந்தச் சதுக்கத்தில் எனக்கு நெஞ்சு கொஞ்சம் இறுகியது. கோயில் திருவிழாவுக்கு வேட்டி கட்டி வந்து, தங்களுக்குள் இத்தாலியனில் மட்டும் கதைக்கும் எங்கட பிள்ளைகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

பலெர்மோவுக்கு இன்னும் கிட்ட, 1,333 மீற்றர் உயர பிட்சூத்தா மலையடியில், பியானா தெக்லி அல்பனேசி இருக்கிறது. அதே அகதிகளின் வழி வந்தவர்கள் 1488இல் அமைத்த ஊர். அங்கே தெருப்பலகைகளில் இரண்டு மொழி. கிழவர்கள் கடைவாசலில் அர்பரெஷ் மொழியில் கதைக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். 500 வருஷத்துக்குப் பிறகும்! வந்தது ஒரே மாதிரி ஆக்கள், ஒரே தீவு. ஒரு ஊரில் பாஷை போய்விட்டது, மற்ற ஊரில் நிற்கிறது.

எங்கட சனம் இங்கே வந்து 40 வருஷம்தான். கோயிலையும் திருவிழாவையும் பிடித்துக்கொண்டால் தமிழ் தானாக நிற்கும் என்று பலர் நினைக்கிறோம். பலாட்சோ அத்ரியானோவைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பாஷைக்குக் கதைக்கிற நேரம் வேண்டும், அது எங்கட வேலை நாட்களில் கிடைப்பதில்லை.

மலையில் கிடைக்கிறது. மூன்று மணித்தியாலம் பக்கத்தில் நடக்கும்போது பிள்ளை ஏதாவது கேட்டுக்கொண்டே வரும். வழியோரம் காட்டுப் பெருஞ்சீரகம் நிற்கும். கசக்கி மணக்கக் கொடுங்கள். "அம்மம்மாட கறித்தூள் மணக்குது" என்றான் மகன். பெருஞ்சீரகம் என்ற சொல்லை அவன் அன்றைக்குப் பிறகு மறக்கவில்லை. அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவவுக்கு நடக்க ஏலாவிட்டால் பியானாவில் காரை விட்டு, ஊருக்குள் மெல்ல ஒரு சுற்று வந்தாலும் போதும். அந்தக் கிழவர்களும் அவவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.