உற்பத்தி உயிரணுக்களும் பிறபொருளெதிரிகளின் சர்க்கரையேற்றமும்

மருந்தாகப் பயன்படும் பிறபொருளெதிரிகள் வளர்ப்பு உயிரணுக்களில் உற்பத்தி செய்யப்படுகின்றன. புரதத்தின் அமினோ அமில வரிசையை மரபணு தீர்மானிக்கிறது. அப்புரதத்துடன் சர்க்கரைச் சங்கிலிகள் இணைவது சர்க்கரையேற்றம் எனப்படும். இச்சங்கிலிகளின் அமைப்பு, உற்பத்தி உயிரணுவில் உள்ள நொதியங்களைப் பொறுத்தது. எனவே ஒரே மரபணுவை வெவ்வேறு உயிரணு வரிசைகளில் செலுத்தினால், செயற்பாட்டில் வேறுபடும் மருந்துகள் கிடைக்கக்கூடும்.

செயற்பாட்டில் விளைவு

ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரியின் இரு கனச் சங்கிலிகளிலும், 297ஆம் இடத்திலுள்ள அசுபராசீனில் ஒரு சர்க்கரைச் சங்கிலி உண்டு. இதில் ஃபியூக்கோசு என்னும் சர்க்கரை இல்லாவிடில், இயற்கைக் கொல்லி உயிரணுக்களின் ஏற்பியுடன் பிணையும் வலிமை 50 மடங்கு வரை உயர்வதாக 2002இல் அறியப்பட்டது. இதனால் புற்று உயிரணுக்களை அழிக்கும் திறன் கூடுகிறது. ஃபியூக்கோசைச் சேர்க்கும் நொதியத்தின் மரபணு நீக்கப்பட்ட சீன வெள்ளெலிச் சூலக உயிரணுக்களில் உருவாக்கப்பட்ட மொகாமுலிசுமாப், 2012இல் சப்பானில் ஒப்புதல் பெற்றது.

ஒவ்வாமை

சுண்டெலி உயிரணுக்கள் ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரை அமைப்பை உருவாக்குகின்றன. மனித உயிரணுக்கள் உருவாக்குவதில்லை. செடுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்து சுண்டெலி உயிரணு வரிசையில் தயாரிக்கப்படுவதால் அதில் இவ்வமைப்பு உள்ளது. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இம்மருந்தைப் பெற்ற 76 பேரில் 25 பேருக்கு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தது. அவர்களுள் 17 பேரின் குருதியில், மருந்து செலுத்துவதற்கு முன்பே அதற்கெதிரான ஐஜிஇ இருந்தது. ஒவ்வாமை ஏற்படாத 51 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது காணப்பட்டது. இந்த ஐஜிஇ பிணைவது ஆல்ஃபா-காலுடன் என்பதும் கண்டறியப்பட்டது. சீன வெள்ளெலி உயிரணுக்களில் தயாரிக்கப்பட்ட செடுக்சிமாபுடன் அது பிணையவில்லை. உண்ணிக் கடியால் இந்த ஐஜிஇ உருவாகலாம் எனப் பின்னர் அறியப்பட்டது.

இந்தியாவில்

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் ரெட்டீசு நிறுவனம், ரிடக்சிமாப் மருந்தின் ஒத்த வடிவத்தை 2007இல் ரெடிடக்சு என்ற பெயரில் வெளியிட்டது. மூல நிறுவனத்தின் உயிரணு வரிசை பிறருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஒத்த மருந்தைத் தயாரிப்பவர் தமக்கென ஒரு வரிசையை உருவாக்க வேண்டியுள்ளது. உயிரணு வரிசை மட்டுமன்றி, வளர்ப்பு ஊடகம், வெப்பநிலை, அமிலத்தன்மை ஆகியனவும் சர்க்கரையேற்றத்தை மாற்றக்கூடியவை. ஒத்த உயிரிய மருந்துகளுக்கென 2012இல் வெளியிடப்பட்டு 2016இல் திருத்தப்பட்ட இந்திய வழிகாட்டு நெறிகள், மூல மருந்துடனான ஒப்பீட்டை வலியுறுத்துகின்றன. குறைந்த விலை மருந்து மூல மருந்தைப் போலவே நோயாளியிடம் செயற்படும் என்பதற்கு, அமினோ அமில வரிசையின் ஒற்றுமை மட்டும் போதிய சான்றாகாது.